கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது

ஹப்சிகுடா, ஹைதராபாத்
12.2.2003

அன்புள்ள அத்தானுக்கு,

தாரிணி எழுதுவது. நான் நலம், மாமா நலம். நல்ல சேதி இத்தோடு முடிந்தது. இரண்டாவது தடவையும் எனக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நிமிஷக் கணக்கில் காசு கொடுத்து நீங்கள் என் அழுகையைக் கேட்க வேண்டாம்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் இறங்கி, குளித்த கையோடு தூதரக வாசலில் வரிசையில் நின்றேன். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். கல்யாண ஆல்பத்தைக் கையாலும் தொடவில்லை. "உங்கள் கணவர் வீட்டு வாசற்கதவு என்ன நிறம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "எத்தனை ஜன்னல்?" தெரியாது. "எந்த மாடி?" இரண்டாவது என்று நினைக்கிறேன் என்றேன். 'நினைக்கிறேன்' என்று சொன்னதே தப்பாகப் போயிற்று.

"நான் இன்னும் அந்த வீட்டுக்குப் போனதில்லை, போகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தாள். கணவர் வசிக்கும் இடத்தைப் பற்றி மனுதாரருக்கு எதுவும் தெரியவில்லையாம், ஆகவே இது உண்மையான திருமணம் என்று நம்ப இடமில்லையாம். கீழே தடித்த எழுத்தில், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.

பதினெட்டாயிரம் ரூபாய், அத்தான். அமீர்பேட்டில் ஒரு நாளைக்கு மூன்று பேட்ச் பையன்களுக்கு ஜாவா சொல்லிக்கொடுத்து, தொண்டை கட்டி, இரண்டு மாதம் சேர்த்த பணம். தெருமுனை மளிகைக் கடையில் துவரம்பருப்பு இல்லை என்றால், பணத்தைக் கல்லாவில் போட்டுக்கொண்டு போய் வாம்மா என்பாரா கடைக்காரர்? கேட்டால் பரிசீலனைச் செலவு என்கிறார்கள். இல்லை என்று சொல்ல அவ்வளவு செலவா?

கல்யாணம் ஆகிப் பதினோரு மாதம். அதில் நாம் ஒரே வீட்டில் இருந்தது பத்தொன்பது நாள். நான் ஊர் சுற்றிப் பார்க்கவா கேட்கிறேன்? என் புருஷனோடு ஒரு வீட்டில் இருக்கக் கேட்கிறேன்.

அடுத்த முறை நாம் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தபால் முத்திரையோடு கொண்டுவரச் சொன்னாள். ஈமெயில் செல்லாது. ஆகவே இனிமேல் காகிதம்தான். நீங்கள் முதலில் வீட்டைப் பற்றி எழுதுங்கள். கதவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

சில்கூர் பாலாஜியிடம் இரண்டு தடவையும் போய்ப் பதினோரு சுற்று சுற்றி வேண்டிக்கொண்டேன். கேட்பதற்குப் பதினொன்று, கிடைத்த பிறகு நூற்றெட்டு, அதுதான் அங்கே வழக்கம். அந்தக் கோயிலில் உண்டியல் கிடையாது. அவருக்கு இருக்கிற மரியாதை அந்தக் கண்ணாடிக்காரிக்கு இல்லை.

அன்புடன்,
தாரிணி


7, மில் ஸ்ட்ரீட்
26.2.2003

அன்புள்ள தாரிணி,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். வருத்தமாக இருக்கிறது என்று எழுதினால் அது போதாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதங்களை நாளைக்கு அந்த ஆபீசர் படிப்பாள். கண்ணாடிக்காரி என்றெல்லாம் எழுதாதே. கட்டணம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நாம் சண்டை போட முடியாது. அது அவர்கள் வீடு, அவர்கள் கதவு.

இனி நம் வீடு. தெருவிலிருந்து பார்த்தால் பழைய செங்கல் கட்டடம். இருபத்தாறு படி. இரண்டாம் மாடி என்று நீ சொன்னது சரிதான். கதவு கருநீலம். பித்தளையில் 7 என்று இருக்கும், அதில் மேல் ஆணி கழன்று 7 கொஞ்சம் சாய்ந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் கோட்டு மாட்டும் கொக்கி, மூன்று. ஹாலில் ஒரு வட்ட மேஜை. முன்னே குடியிருந்தவர்கள் விட்டுப்போனது, கதவில் நுழையாததால் எடுத்துப் போகவில்லை என்றார்கள். பின் உள்ளே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஜன்னல்கள் நான்கு. ஹால் ஜன்னலிலிருந்து ஒரு பேக்கரியும் பஸ் ஸ்டாப்பும் தெரியும். சமையலறைக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். எவ்வளவு திருகினாலும் நிற்காது. குளியலறைத் தாழ்ப்பாள் இறுகும், லேசாகத் தூக்கிவிட்டுத் தள்ள வேண்டும்.

கீழ் வீட்டில் மிஸஸ் டன் என்று ஒரு விதவை. காது மிகவும் கூர்மை. நான் ஸ்பூனைக் கீழே போட்டால் மறுநாள் விசாரிப்பாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி? மறுபடி விண்ணப்பிக்கும் பணத்தை நான் அனுப்புகிறேன். உன் சம்பளத்தைத் தொடாதே.

உன்,
பிரசன்னா


ஹப்சிகுடா
20.3.2003

அன்புள்ள அத்தானுக்கு,

நம் வீடு எனக்கு மனப்பாடம். மாமாதான் பரீட்சை வைக்கிறார். பாலாநகர் பிளான்ட்டில் முப்பத்தொரு வருஷம் விமானக் கருவி சோதித்த மனுஷர், சும்மா விடுவாரா? சாயங்காலம் டீயோடு உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "எத்தன படி? கொக்கி எந்தப் பக்கம்? ம்... தப்பு. யோசிச்சுச் சொல்லும்மா, அவசரப்படாத." தப்பாகச் சொன்னால், இல்லை மகளே என்பதுகூடத் தக்கனி உருதுவில் வந்துவிடும். "நக்கோ, நக்கோ பேட்டி! வாசல்ல நுழஞ்சு இடதுபக்கம்லா!" திருநெல்வேலியும் ஹைதராபாத்தும் ஒரே வாயில்.

ராத்திரி படுத்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் நான் அந்தப் படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். கதவைத் திறந்து, கொக்கியைத் தொட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு, சமையலறைக்கு. சமையலறையில் தொட்டிக்கு அடியில் ஒரு தரைஓடு உடைந்திருக்கிறதே, வெறுங்காலோடு நின்றால் குத்துகிறது. அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? அவள் அதைக் கேட்டால்?

இன்னொன்று சொல்ல வேண்டும். திட்டாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தேதி, சில்கூர் போனேன். பதினோரு சுற்று சுற்றத்தான் போனேன். வாசலில் எண் போட்ட அட்டை விற்கிறவனிடம் போனதும் எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. இரண்டு தடவை பதினொன்று சுற்றிக் கேட்டாயிற்று. அந்த நாட்டுக்காரர்கள் மட்டும் ஒன்றும் தராமலே முதலில் வாங்கிக்கொள்ளலாம், நான் முதலில் கொடுக்கக் கூடாதா? நூற்றெட்டு எண் போட்ட அட்டையை வாங்கிவிட்டேன். கிடைப்பதற்கு முன்னாலேயே நன்றியைக் கட்டிவிடுவது என்று.

மத்தியான வெயில். சுற்றுக்கு ஒரு எண்ணாக அட்டையில் பேனாவால் அடித்துக்கொண்டே போனேன். என்கூடச் சுற்றிய ஒரு தெலுங்குக்கார அம்மாள் நூற்றெட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, "வீசா ஒச்சிந்தா அம்மா?" என்று கேட்டாள், வந்துவிட்டதா என்று. இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஒச்சிந்தி" என்றேன். வந்துவிட்டது. அவள் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒவ்வொரு சுற்றிலும் மனசுக்குள் நம் வீட்டையும் ஒரு சுற்று சுற்றினேன். அறுபதுக்கு மேல் ஒரு விஷயம் கவனித்தேன். எல்லோரும் கல் சுடுகிறது என்று துள்ளித் துள்ளி நடக்கிறார்கள். எனக்குச் சுடவில்லை. உள்ளங்கால் ஜில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் வெகு நேரம் அப்படியே இருந்தது. அட்டையை எங்கேயோ தொலைத்துவிட்டேன், பையில் இல்லை.

மூன்றாம் தடவை மனு அடுத்த மாதம் 7ஆம் தேதி கொடுக்கிறேன்.

தாரிணி


7, மில் ஸ்ட்ரீட்
5.4.2003

தாரிணி,

இந்தக் கடிதத்தைத் தூதரகத்தில் கொடுக்காதே.

தொட்டிக்கு அடியில் ஓடு உடைந்திருப்பதை உனக்கு யார் சொன்னது? உன் கடிதம் வந்த பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். உடைந்திருக்கிறது. எனக்கே தெரியாது. நான் இங்கே ஷூவைக் கழற்றுவதே படுக்கும்போதுதான்.

இன்னொன்று. போன மாதம் 16ஆம் தேதி காலையில் நான் ஆபீஸ் போயிருந்தேன், ஞாயிறானாலும் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை. மறுநாள் மிஸஸ் டன் படியில் நிறுத்தினாள். "உன் வீட்டில் யாரோ காலை முழுக்க மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். வெறுங்கால். என் தலைக்கு மேலேயே" என்றாள். நான் இல்லையே, நீங்கள் வேறு வீட்டுச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள் என்றேன். அவளுக்குக் கோபம். உன் கடிதம் வந்த பிறகுதான் தேதியைக் கவனித்தேன். அங்கே மத்தியானம் என்றால் இங்கே காலை.

நான் இதை நம்புகிறவன் இல்லை. நமக்குள் தற்செயலாக ஏதோ ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரி முன்கூட்டியே கட்டுவதெல்லாம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மீறினால் எங்கேயாவது இடிக்கும்.

என்கூட வேலை செய்யும் கிரஹாம் மாதக் கடைசியில் ஹைடெக் சிட்டிக்கு வருகிறான். அவனிடம் உனக்கு ஒரு ஸ்வெட்டரும் அப்பாவுக்கு முழங்கால் உறையும் கொடுத்தனுப்புகிறேன். ஊரைச் சுற்றிக் காட்டு.

பிரசன்னா


ஹப்சிகுடா
5.5.2003

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்வெட்டர் வந்தது, உறை வந்தது, கிரஹாமும் வந்தார். சனிக்கிழமை மாமாவும் நானும் அவரை கோல்கொண்டாவுக்குக் கூட்டிப் போனோம். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நாங்கள் நுழைவுச் சீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு ஐந்து ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு நூறு. கிரஹாம் பலகையைப் படித்துவிட்டுச் சிவந்துபோனார். "இது அநியாயம். ஒரே கோட்டை, ஒரே படிக்கட்டு. எனக்கு மட்டும் இருபது மடங்கா?" என்றார். மாமா சங்கடப்பட்டு, "நான் குடுத்திருதேன், விடும்மா" என்று பர்ஸை எடுத்தார். நான் விடவில்லை. நீங்கள் இந்தியாவுக்கு விசா எடுக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு நாள் என்றார். யாராவது உங்களிடம் ஹைதராபாத்தில் எங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டார்களா என்றேன். சிரித்தார். "இவர்கள் உங்களிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறார்கள். உங்கள் ஆட்கள் என்னிடம் பதினெட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். எது அநியாயம்?" என்று கேட்டேன். மூன்று தடவை கட்டிய எரிச்சல் எல்லாம் அந்த மனுஷர் தலையில் இறங்கிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆனால் நீங்கள்தான் அங்கே வந்துவிட்டீர்களே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இதுதான். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, பார்சலை வாங்க நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நீங்கள் இல்லை. கதவைத் திறந்தது நான். மஞ்சள் சுடிதார். பார்சலைக் கையில் கொடுத்தேன். டீ வேண்டுமா என்று கேட்டேன். "இங்கே உங்களைப் பார்த்ததும், எனக்கு முன்னாலேயே ஊருக்குத் திரும்பி வந்துவிட்டீர்களே என்று ஆச்சரியப்பட்டேன்" என்கிறார்.

மஞ்சள் சுடிதார் என்னிடம் இருக்கிறது. நூற்றெட்டு சுற்றியபோது போட்டிருந்தது அதுதான்.

மாமா வீட்டுக்கு வந்து உறையை முழங்காலில் மாட்டிக்கொண்டு, "வெள்ளக்காரனுக்கு நம்ம ஆளுவ மூஞ்சி எல்லாம் ஒண்ணுபோலத் தெரியும்மா" என்றார். சொல்லிவிட்டு உறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

அத்தான், உண்மையைச் சொல்லுங்கள். பார்சலை அவரிடம் கொடுத்தது யார்?

தாரிணி


7, மில் ஸ்ட்ரீட்
24.5.2003

அன்புள்ள தாரிணி,

பார்சலை நான் கொடுக்கவில்லை. கிரஹாமே எடுத்துக்கொண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கடைக்குப் போய் வந்தபோது மேஜைமேல் பார்சல் இல்லை. கிரஹாமிடம் மாற்றுச் சாவி உண்டு, வந்து எடுத்துப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

இனி நான் மறைக்கப்போவதில்லை. குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நீ திருகுவதுபோல, கடைசியில் ஒரு அழுத்து அழுத்தி யாரோ மூடிவைக்கிறார்கள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கிறது. கொக்கியில் என் கோட்டு எப்போதும் நடுவில்தான் இருக்கும், இப்போது ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, பக்கத்தில் ஒருவர் மாட்டுவதற்கு இடம் விட்டதுபோல. உடைந்த ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் உன் அட்டை இருந்தது. நூற்றெட்டும் அடித்திருக்கிறது. உன் பேனா, உன் கோடு.

என் கண்ணில் மட்டும் படவில்லை. மிஸஸ் டன் பார்த்திருக்கிறாள், பேக்கரிக்காரன் பார்த்திருக்கிறான், "உங்கள் மனைவிக்கு இஞ்சி பிஸ்கட் பிடித்திருக்கிறது" என்கிறான். நான் போன ஞாயிறு முழுக்க ஹாலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பத்து நிமிஷம் பால் வாங்கப் போய் வந்தேன். என் நாற்காலி சூடாக இருந்தது.

இதைவிட மோசம் ஒன்று. 12ஆம் தேதி, உன் மனுவைச் சரிபார்க்க இங்கே ஒரு அதிகாரி வந்திருக்கிறான். நான் ஆபீஸில். யாரோ கதவைத் திறந்து அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஜன்னல் எத்தனை, படி எத்தனை என்று அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த நகலை அப்படியே எழுதுகிறேன்: "மனுதாரர் மேற்கண்ட முகவரியில் ஏற்கனவே வசித்து வருவதை நேரில் கண்டோம். ஆகவே அவர் நுழைவு அனுமதி கோருவதற்கு முகாந்திரம் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது." கட்டணத்தைப் பற்றிய வரி கீழே வழக்கம்போல இருக்கிறது.

நான் அவர்கள் ஆபீசுக்குப் போய் வாதாடினேன். என் மனைவி ஹைதராபாத்தில் இருக்கிறாள் என்றேன். எங்கள் ஆள் அவரோடு பேசியிருக்கிறாரே என்றார்கள். விதி விதி என்று உனக்குப் பாடம் சொன்னவன் நான். அந்த ஜன்னலில் நின்று கத்தினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தாரிணி. ஆனால் பயத்தைவிட வெட்கமான ஒன்றைச் சொல்கிறேன். சாயங்காலம் படி ஏறும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இந்த ஊரில் முதல் தடவையாக வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

நீ நன்றாக இருக்கிறாயா?

உன்,
பிரசன்னா


ஹப்சிகுடா
12.6.2003

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில், நான் நன்றாக இல்லை.

முதலில் பஸ்ஸில்தான் தெரிந்தது. கண்டக்டர் எனக்கு முன்னால் இருப்பவளிடமும் பின்னால் இருப்பவளிடமும் சீட்டுக் கொடுக்கிறார். என்னிடம் கை நீட்டுவதே இல்லை. காசை நீட்டினாலும் வாங்குவதில்லை. உலகத்திலேயே என்னிடம் கட்டணம் வாங்காத முதல் ஆள் என்று சிரித்துக்கொண்டேன். ஒரு வாரம் சிரித்தேன். அப்புறம் அமீர்பேட்டில் நான் வகுப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் எழுந்து போய், மேடம் இன்னும் வரவில்லை என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது என் பேட்சை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு நீங்கள் போன் செய்தீர்கள். நான்தான் எடுத்தேன். "ஹலோ, அப்பாவா? யார் பேசறது? லைன் சரியில்ல" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டீர்கள்.

மாமாவுக்கு மட்டும் இன்னும் தெரிகிறேன். அதுவும் எப்போதும் இல்லை. நேற்று மத்தியானம் அவர் தனக்கு மட்டும் தட்டு வைத்துச் சோறு போட்டுக்கொண்டார். எதிரே நான் நின்றேன். பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தவர் முகத்தை உங்களுக்கு எழுத முடியாது. "இங்கனயேதான் நின்னியா? மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரு" என்று எச்சில் கையோடு அழுதார். அதற்கப்புறம் அவர் என்னைத் தனியாக விடுவதில்லை. அரைமணிக்கு ஒரு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஜூன் மாத வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கால் ஜில்லென்று இருக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினீர்களே. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? என் டம்ளர், என் குழாய், என் நாற்காலி. நான்தான் கட்டினேன், மூன்று தடவை. கட்டினது இவள், குடியிருப்பது அவள். என்மேலேயே எனக்குப் பொறாமையாக இருக்கிறது, இப்படி ஒரு கேவலம் வேறு யாருக்கும் வராது.

அத்தான், இனி மனு வேண்டாம். நீங்கள் வந்துவிடுங்கள். இங்கே ஒருத்தி மிச்சமிருக்கும்போதே வாருங்கள். உங்கள் ஊருக்கு வர உங்களிடம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

தாரிணி


ஹப்சிகுடா
14.7.2003

(7, மில் ஸ்ட்ரீட் முகவரிக்கு)

தாரிணி,

இந்தக் கடிதத்தை அந்த வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டி வருமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே வேலையை ராஜினாமா செய்தேன். என் அனுமதி வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் அதுவும் போயிற்று. தெரிந்துதான் செய்தேன். கிளம்பும் நாளில் வீட்டைப் பூட்டும்போது, ஹாலைப் பார்த்து, "நான் அவளிடம் போகிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.  படி இறங்கும்போது உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்னவோ.

ஜூன் 28 காலையில் பேகம்பேட் விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "அவ எங்க? ஒன்கூடத்தான வந்தா?" என்று.

முந்தின நாள் நடந்ததை அவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் விமானம் ஏறிய நேரம் இருக்கும். நீ சமையலறையில் எனக்காக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாயாம். அப்பா வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார். "இங்கதான் இருக்கேன் மாமா" என்றாயாம். மறுபடி கூப்பிட்டிருக்கிறார். "இங்கதான் மாமா" என்று பதில், ஆனால் தூரத்திலிருந்து, போனில் பேசுவதுபோல. எழுந்து போய்ப் பார்த்தால் பலகையில் பாதி நறுக்கிய வெங்காயம். கத்தி ஜில்லென்று இருந்தது என்றார்.

"நான் கூப்பிட்டுக்கிட்டேதாண்டா இருந்தேன், ஒரு நிமிசங்கூட நிப்பாட்டல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உன் தட்டை இன்னும் எடுத்து வைக்கவிடவில்லை.

நாம் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது. 

உடனே சென்னை போனேன். வெளியே உன்னைப்போல வரிசையில் நின்றேன். பதினெட்டாயிரம் இப்போது இருபத்தோராயிரம். கட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் மனைவி அங்கே வசிக்கிறார் என்று எங்கள் பதிவில் இருக்கிறது. ஆகவே உள்ளே போனால் நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள்" என்றாள். நீ ஏற்கனவே அங்கே இருக்கிறாய் என்று உன்னை விடவில்லை, அதையே சொல்லி என்னையும் விடவில்லை. சண்டை போட முடியாது, அவர்கள் வீடு, அவர்கள் கதவு என்று உனக்கு எழுதினேனே, என்னை மன்னித்துவிடு.

நீ கிளம்பி வா. எப்படிப் போனாயோ அப்படியே வா. பணம் அனுப்புகிறேன்.

உன்,
பிரசன்னா


7, மில் ஸ்ட்ரீட்
30.7.2003

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். இப்போது முழுசாக இருக்கிறேன். கிள்ளினால் வலிக்கிறது, பசிக்கிறது, கண்ணாடியில் தெரிகிறேன். செப்டம்பர் வரை வாடகை கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று மிஸஸ் டன் சொன்னாள். உங்கள் மேஜை இழுப்பறையில் தபால்தலைகள் இருந்தன, அதில் ஒன்றை ஒட்டுகிறேன்.

எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. வெங்காயத்தில் கண் எரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே பேக்கரியும் பஸ் ஸ்டாப்பும். மாமா கூப்பிடுவது கேட்டது. பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் குரல் நின்றுவிட்டது. அவரிடம், நான் கடைசிவரைக்கும் பதில் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கிளம்பி வா என்கிறீர்கள். நான் சும்மா இருப்பேனா? உங்கள் கடிதம் வந்த மறுநாளே அவர்கள் ஆபீசுக்குப் போனேன். இந்த ஊர்ப் பஸ்ஸில் என்னைச் சீட்டு வாங்கச் சொன்னார்கள், சந்தோஷமாக வாங்கினேன். ஜன்னலில் நின்று, நான் என் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். பாஸ்போர்ட் கேட்டான். ஹப்சிகுடாவில் பீரோவில் இருக்கிறது. நுழைந்த தேதி கேட்டான். தெரியாது. கம்ப்யூட்டரில் தேடினான். நான் இந்த முகவரியில் வசிப்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் எந்தத் துறைமுகத்திலும் எந்த விமான நிலையத்திலும் நான் உள்ளே நுழையவில்லை. "நுழையாத ஒருவரை நாங்கள் எப்படி வெளியே அனுப்ப முடியும், மேடம்?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

வெளியே போக எவ்வளவு கட்ட வேண்டும், சொல்லுங்கள், கட்டுகிறேன் என்றேன். அதற்குக் கட்டணமே கிடையாதாம். கட்டணம் இல்லாததால் படிவம் இல்லை. படிவம் இல்லாததால் ஜன்னல் இல்லை. உள்ளே வருவதற்குப் பதினான்கு ஜன்னல் இருக்கிறது, அத்தான். எண்ணிப் பார்த்தேன்.

பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாத் திட்டையும் திட்டினேன். திருநெல்வேலித் திட்டு, ஹைதராபாத் திட்டு, எல்லாம். யாருக்கும் புரியவில்லை. ஒரு கிழவர் நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இனி அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கட்டக் கட்டத்தான் கொள்ளையடிக்கிறார்கள், நாம் இருவரும் வீம்பாக இருப்போம் என்று நான்கு பக்கம். நன்றாக இருந்தது. உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

ராத்திரி நீங்கள் படுத்த பக்கத்தில் படுத்தேன். தலையணையில் உங்கள் எண்ணெய் வாசம் இருந்தது. காலையில் அதைத் தேடினேன், போய்விட்டது. எழுந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கட்டுங்கள், அத்தான். இருபத்தோராயிரம் கேட்டால் இருபத்தோராயிரம், நாளைக்கு முப்பது கேட்டால் முப்பது. என் நகையை விற்றுக் கட்டுங்கள். இல்லை என்றால் மறுபடி கட்டுங்கள். நியாயமா என்று அவர்களிடம் கேட்காதீர்கள், நானும் இனி கேட்கமாட்டேன். உங்களோடு இருக்கத்தான் வந்தேன். இங்கே எல்லாம் இருக்கிறது, நீங்கள் மட்டும் இல்லை.

உங்கள்,
தாரிணி